எழுபத்தோரு வினாடி இருட்டு

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்டால், "அவங்க எங்க ஓட்டறாங்க, உருண்டுக்கிட்டுப் போறாங்க" என்பார்.

வயது ஐம்பத்துநான்கு. ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் மாடியில் ஒற்றை அறை. சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த பெரிய தாள். அதன் எதிரே ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் இரண்டு சின்னக் கார்கள். இதுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். முப்பத்தோரு வருஷமாக நடத்துகிறார். காரில் அவர் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதிப்பதற்கு அரை வினாடி முன்னால், "கண்ணு ரோட்டுல!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் கேட்டால் வண்டி நிற்கும், நாம் நிற்போம், நம் மூச்சும் கொஞ்ச நேரம் நிற்கும்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்டில் தோற்றவன். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்துக்குச் செயலாளர் என்கிற பட்டம் வேறு. உறுப்பினர்கள் பதினேழு பேர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, யாருக்கும் எளிதில் புரிந்துவிடாத படம் ஒன்றைப் போட்டு, பிறகு அதை இன்னும் புரியாதபடி பேசிவிட்டுக் கலைவோம்.

டீச்சருக்கும் சினிமாவுக்கும் சம்பந்தம் வந்தது அவர் வீட்டுக்காரரால். அவர் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறார். பகல் முழுக்க யாரோ ஒருவருடைய வாயின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உரசிக்கொண்டிருப்பவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படம் பார்க்க உட்கார்ந்துவிடுவார். துணி அலமாரியில் துணி கிடையாது. முழுக்கப் படங்களின் டிவிடித் தட்டுகள். எல்லா மொழியிலும், எல்லாக் காலத்துப் படமும். துணியெல்லாம் நாற்காலி முதுகுகளில் வாழ்ந்தது.

பக்கத்தில் டீச்சரும் உட்காருவார். திரையில் கார் வராதவரை ஒரு தொந்தரவும் இல்லை. கார் வந்தால் போச்சு.

"ஐயோ, முன்னாடி பாருடா!"

"அவன் இப்பத்தான் அவகிட்ட மனசைத் திறந்து பேச ஆரம்பிக்கிறான். நீ அதுக்குள்ள!"

"மனசைத் திறக்கறதுன்னா வண்டியை ஓரங்கட்டிட்டுத் திறக்கணுங்க. எதிர்ல லாரி வந்தா?"

"வராது. டைரக்டர் விடமாட்டார்."

இப்படி வருஷக்கணக்கில் நடந்தது. ஒருநாள், கதாநாயகி உயிரை விடும் கட்டத்தில், "சீட் பெல்ட் போட்டிருந்தா பொழைச்சிருப்பா" என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் படத்தை நிறுத்தினார். கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும். சொல்லறத எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை. படம் முடிஞ்சதும் படிச்சுக்கறேன்."

அவர் கோபத்தில் சொன்னது. டீச்சர் அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே ஸ்கூலிலிருந்து ஒரு புதுப் பயிற்சிப் பதிவேடு வீட்டுக்கு வந்தது. மாணவர் பெயர், தேதி, பயிற்சி நேரம், தவறுகள், தேர்ச்சி உண்டா இல்லையா என்று கட்டம் போட்ட பதிவேடு. மாணவர் பெயர் இருக்கும் இடத்தில் படத்தின் பெயரை எழுதினார். தவறுகள் என்ற கட்டம் போதாமல் மறுபக்கமும் எழுதினார். பதினான்கு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டியதைப் பார்த்துத் திருத்தியிருந்தார். தேறியவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் பிணவண்டி ஓட்டியவர்.

எழுதிக்கொண்டே வந்தவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பேசாத படக் காலத்தில் கார் ஓட்டியவர்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினார்கள். அப்போது நிஜத் தெரு, நிஜ வண்டி; பார்க்காவிட்டால் நிஜமாகவே போய்ச் சேர வேண்டியதுதான். படம் பேச ஆரம்பித்ததும் பக்கத்து சீட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்புறம் ஸ்டியரிங்கை ஈரத்துணி பிழிவதுபோல இப்படியும் அப்படியும் முறுக்குகிறார்கள். பின்கண்ணாடியில் தெரியும் ரோடோ கோடு போட்டதுபோல நேராக ஓடுகிறது. கலர் வந்தது, உதட்டுச் சாயமும் காரும் ஒரே நிறத்துக்கு வந்தன, கண் மட்டும் ரோட்டுக்குத் திரும்பி வரவில்லை. பிறகு கேமரா பானெட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பின்னால் இருப்பவருக்கு ரோடு தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

சினிமாவின் வரலாறு என்று நான் தலையணை தலையணையாகப் புத்தகம் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

இதைப் பாடமாக்கினால் என்ன என்று டீச்சருக்குத் தோன்றியது. ஸ்கூலில் மதியம் இரண்டிலிருந்து நாலுவரை வகுப்பு கிடையாது. படத் தட்டுகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கீழே ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரரும் ஒரு காலத்தில் அவரிடம் கற்றவர்தான். மறுக்கத் தைரியம் இல்லை. துண்டு துண்டாக வெட்டி வரிசையாக ஒட்டினார்கள். ஒலியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் டீச்சர் பேசினார். ஒவ்வொரு ஓட்டுநரின் பக்கத்திலும் தானே உட்கார்ந்திருப்பதுபோல.

"தம்பி, முன்னாடி பாருங்க. அந்தப் பொண்ணு எங்கயும் போயிடாது, வண்டிக்குள்ளதான் இருக்கு. கண்ணாடி... கண்ணாடி... தலை சீவற கண்ணாடி இல்லப்பா அது. திரும்பப் போறீங்களா? எந்தப் பக்கம்? எங்கிட்டயாவது சொல்லுங்க."

பிறகுதான் அந்த யோசனை வந்தது.

"இவன் ரோட்டைப் பார்க்காத நேரம் பூரா திரையைக் கறுப்பாக்கிடு" என்றார்.

ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, படமே போயிடும்!"

"போகட்டும். அவனுக்கு ரோடு போயிடுச்சில்ல?"

நாற்பத்தோரு நிமிடப் படம். அதில் இருபத்துமூன்று நிமிடம் கும்மிருட்டு. இருட்டுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் மட்டும் வரும். படத்துக்கு அவர் வைத்த பெயர், 'கண்ணு ரோட்டுல'.

முதல் காட்சி ஸ்கூலில், ஒரு புதன்கிழமை காலை. ஆறு நாற்காலியில் ஆறு பேர், அதில் நானும் ஒருவன். முதல் இருட்டு வந்ததும் ஒருவர் எழுந்து போய் ஃபியூஸைப் பார்த்தார். இரண்டாவது இருட்டில் ஒரு பெண்மணி தன் போனை அணைத்து அணைத்துப் போட்டார். எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. பத்து வருஷமாக எங்கள் சங்கம் தேடிக்கொண்டிருந்த படம் போக்குவரத்துச் சின்னங்களின் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். "டீச்சர், இது பரிசோதனை சினிமா!"

"பரிசோதனையில தேறினது நாலு பேர்தான்" என்றார்.

எங்கள் சங்கத்தில் திரையிட ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். நான்கு பக்கத்துக்கு ஓர் அறிமுகக் குறிப்பு எழுதினேன். பார்வையின் அதிகாரம், இன்மையின் அழகியல், காணாமையைக் காட்டுதல் என்றெல்லாம் போட்டிருந்தேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க. இது யாரோட படம்?" என்று கேட்டார்.

திரையிட்டது ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. நூலகத்தின் மேல்மாடிக் கூடம். வழக்கம்போலப் பதினேழு நாற்காலி போட்டு வைத்திருந்தோம். மூன்றே முக்காலுக்குப் படிக்கட்டில் திமுதிமுவென்று சத்தம். மருந்துக்கடைக்காரர், அஞ்சலக ஊழியர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு தீயணைப்பு வீரர், மாமியாரும் மருமகளுமாக ஒரு ஜோடி என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் டீச்சரின் பழைய மாணவர்கள். கூட்டம் நூற்றைத் தாண்டியது. எங்கள் சங்க உறுப்பினர்கள் பதினேழு பேரும் மிரண்டுபோய் ஒரு மூலையில் ஒண்டி நின்றார்கள்.

படம் ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு கதாநாயகன் காதலியின் பக்கம் திரும்பினான். திரை இருண்டது. இருட்டில் டீச்சரின் குரல்: "கண்ணு ரோட்டுல! பிரேக்!"

தடால்!

நூறு வலது கால்கள் ஒரே நேரத்தில் தரையை மிதித்தன. கூடம் அதிர்ந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று. என் காலும்தான். கூடமே வெடித்துச் சிரித்தது. அடுத்த இருட்டிலும் தடால். கீழே படிக்கும் அறையிலிருந்து நூலகர் மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் கடைசி வரிசையில் நின்றுவிட்டார். ஐந்தாவது தடாலில் அவர் காலும் கலந்துகொண்டது. சங்க உறுப்பினர்களில் ஒருவர், விமரிசனக் கட்டுரைகள் எழுதுபவர், இருட்டில் என் காதோரம் குனிந்து, "பார்வையாளன் உடலையே வாத்தியமா மாத்திட்டாங்க!" என்றார்.

பதினெட்டாவது நிமிடத்தில் வந்தது படத்தின் மிக நீளமான இருட்டு. அந்தக் காலத்து நடிகர் ஒருவர், திறந்த கார், பக்கத்தில் கதாநாயகி. எழுபத்தோரு வினாடி அவர் ரோட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த எழுபத்தோரு வினாடியும் இருட்டில் டீச்சர் நிதானமாகக் கணக்குச் சொன்னார். "ஒரு சைக்கிள் போச்சு. ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் போயிட்டார். பால்வண்டி. பள்ளிக்கூட வாசல்... வேண்டாம், இதை நான் சொல்லல. ஒரு விளக்குக் கம்பம். இன்னொரு விளக்குக் கம்பம். ஐயா, நீங்க இப்ப ஆத்துக்குள்ள இருக்கீங்க."

ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டு, யாராவது கேள்வி கேட்கலாம் என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். எழுபத்தாறு வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முடியை நேர்த்தியாக வாரியிருந்தார்.

"அந்த எழுபத்தோரு வினாடி நான்தான்" என்றார்.

டீச்சரின் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். அவருடைய அலமாரியில் அந்த நடிகருக்கென்றே ஓர் அடுக்கு முழுவதும் ஒதுக்கியிருந்தது. வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார்.

"என் பக்கத்து வீட்டுக்காரர் உங்க மாணவராம்மா. உங்க படம் ஒண்ணைப் போடறாங்கன்னு அவர்தான் சொன்னாரு. முப்பது வருஷம் கழிச்சுப் பெரிய திரையில என் முகத்தைப் பார்க்கலாம்னு சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன்." சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். "பூரா இருட்டு."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"ஒண்ணு சொல்லணும். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. முப்பது படத்துல ஓட்டியிருக்கேன், ஒரு நாளும் ஓட்டினதில்ல. அது பாதிக் கார்தான், எஞ்சினே கிடையாது. பின்னாடி நாலு பேர் நின்னு ஆட்டுவாங்க. ரோட்டைத் தனியா எடுத்துட்டு வந்து எனக்குப் பின்னாடி ஒரு திரையில ஓட்டுவாங்க. எனக்கு முன்னாடி ரோடே கிடையாதும்மா. முன்னாடி இருந்தது கேமராவும், லைட்டும், தூங்கி வழியற ஒரு லைட்பாயும்தான். ரோட்டைப் பார்க்கணும்னா நான் முதுகுப்பக்கம் திரும்பித்தான் பார்க்கணும்."

டீச்சர் கையிலிருந்த மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, "அப்போ உங்க மேல தப்பில்ல சார். நான் விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். எழுபத்தாறு வயசுல கத்துக்கலாமா? அதைச் சொல்லுங்க."

"கண்ணு எப்படி இருக்கு?"

"கழுகுக் கண்ணு!" என்றார் நடிகர், தன் பழைய குரலில். வீட்டுக்காரர் அந்தக் குரலைக் கேட்டு உட்கார்ந்தேவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நடிகர் ஸ்கூலுக்கு வந்தார். முதலில் கண் பரிசோதனை. எழுத்து அட்டையை மாட்டிய டீச்சர் படிக்கச் சொன்னார். நடிகர் கடைசி வரிவரைக்கும் கணீரென்று, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தார். டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. எழுந்து அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். "இப்போ படிங்க சார்."

நடிகர் அதே வரிகளை அதே ஏற்ற இறக்கத்தோடு மறுபடியும் ஒப்பித்தார்.

விசாரித்ததில், முன்தினமே கண்ணாடிக் கடைக்குப் போய் அங்கிருந்த அட்டையைக் கடைப்பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். "வசனம் மனப்பாடம் பண்றதுதானேம்மா என் தொழில்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

இரண்டு கண்ணிலும் புரை. டீச்சரே கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்ய வைத்தார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் டீச்சரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் வயசானவங்கன்னு நினைச்சேன்" என்றார். டீச்சர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்று முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் பாடம் தொடங்கியது. எனக்கும் அதே நேரத்தில்தான் வகுப்பு, பின்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். நடிகருக்கு கியர், கிளட்ச் எல்லாம் பத்தே நாளில் வந்துவிட்டது. கழுத்துதான் வரவில்லை. பேசத் தொடங்கினால் முகம் தானாகப் பக்கத்து சீட்டுக்குத் திரும்பிவிடும், அதுவும் முக்கால் பக்கம், வெளிச்சம் நன்றாக விழுகிற கோணத்தில். டீச்சர் பேச வேண்டாம் என்று உத்தரவு போட்டார். பேசாமலிருந்தால் உணர்ச்சி முகத்தில் பொங்கியது. சிக்னலில் சிவப்பு விழுந்தால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். பச்சை விழுந்தால் தூரத்து அடிவானத்தைப் பார்த்துப் புன்னகைப்பார். அதற்குள் பின்னால் இருக்கும் வண்டிகள் ஹாரன் அடித்து உயிரை வாங்கும்.

"சார், யாரும் உங்களைப் பார்க்கல" என்று ஒருநாள் டீச்சர் மெதுவாகச் சொன்னார். "கேமரா இல்ல. நீங்கதான் பார்க்கணும்."

நடிகர் அன்று வண்டியை ஓரங்கட்டலாமா என்று கேட்டார். முறையாக இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, தானே ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "பதினெட்டு வயசுலேர்ந்து என்னை யாராவது பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க. பார்க்கறது நின்னு முப்பது வருஷம் ஆச்சு. இந்தக் கழுத்துக்குத்தான் யாரும் சொல்லல" என்றார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். டீச்சர், "சரி, முதல் கியர்" என்றார்.

டெஸ்டில் முதல் தடவை தோற்றார். அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கப் போய் வண்டி நடைபாதை மேல் ஏறிவிட்டது. இரண்டாம் தடவை தோற்றார். அதிகாரி அவருடைய ரசிகராகிப்போய், அவரைப் பேச விட்டுவிட்டார். மூன்றாம் தடவைக்கு அவர் பெயரையே கேட்டறியாத இளவயது அதிகாரி ஒருவர் கிடைத்தார். ஒரு பிழையும் இல்லாமல் பாஸ். அதே நாள் எனக்கும் டெஸ்ட். என்னைப் பற்றி இந்தக் கட்டுரையில் இனிப் பேச வேண்டாம்.

படத்திலும் டீச்சர் ஒரு திருத்தம் செய்தார். பதினெட்டாவது நிமிட இருட்டு முடிந்ததும் ஓர் அட்டை வரும்: 'திருத்தம். இந்த ஓட்டுநருக்கு ரோடு முதுகுக்குப் பின்னால் இருந்தது. பயிற்சிக்குப் பின் தேர்ச்சி பெற்றுவிட்டார்.' வேறு ஊர்களின் சங்கங்கள் படத்தைக் கேட்டு வாங்கின. அந்த அட்டையை வைத்தே எங்கள் விமரிசகர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். டீச்சருக்கு அனுப்பிவைத்தார். அதில் 'ரோடு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்று டீச்சர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

நடிகர் இப்போது ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறார். முடிதிருத்தும் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் தானே ஓட்டிப் போகிறார். பெருமை தாங்காமல் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். விளைவாக, செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சர் தனியாக ஒரு வகுப்பு நடத்த வேண்டியதாயிற்று. அம்மா வேஷத்துக்கென்றே பிறந்த ஒரு நடிகை, கிளட்சை விடும்போதெல்லாம் யாரையோ பிரிவதுபோல விடுகிறார். இன்னொருவர் நாற்பது வருஷம் வில்லனாக நடித்தவர். எத்தனையோ பேரைக் காரேற்றிக் கொன்றவர், திரையில். நேரில் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷர்.

போன செவ்வாய் அவருடைய வகுப்புக்கு நானும் பின்சீட்டில் போயிருந்தேன். பேருந்து நிறுத்தம் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். நடைபாதை ஓரத்தில் பையோடு ஓர் அம்மா நின்றிருந்தார்.

"போங்கம்மா, போங்க" என்று கையைக் காட்டினார் வில்லன்.

அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பரவாயில்ல, நான் நிக்கறேன். நீங்க போங்க."

"அவங்க பஸ்ஸுக்கு நிக்கறாங்க சார்" என்றார் டீச்சர்.

"மரியாதைக்கு அப்படிச் சொல்லுவாங்க டீச்சர். பயப்படறாங்க. என் மூஞ்சி அப்படி."

பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வில்லன் அசையவில்லை, கையைக் காட்டிச் சிரித்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார். அவருடைய பஸ் அதே நேரம் இந்தப் பக்கம் வந்து நின்றது.

டீச்சர் சன்னலை இறக்கி, தன் மாணவருக்காக ரோட்டைக் கடந்துகொடுத்த அந்த அம்மாவுக்கு உரக்க நன்றி சொன்னார்.